டெய்லரம்மாவின் மேஜையில் நாலு ஜன்னல்

டெய்லரம்மா என்று தெருவே அழைக்கும் அந்த அம்மாவுக்கு, தன்னுடையது என்று அடித்துச் சொல்ல ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது ஒரு மேஜை. ஏழடி நீளம், நாலடி அகலம், நின்றுகொண்டே துணி வெட்ட வாகாக இடுப்பு உயரம். வீடு மாமனார் கட்டியது. பீரோ நாத்தனார் வேண்டாமென்று கழித்துக் கொடுத்தது. மேஜை மட்டும், இருபத்திரண்டு படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்த காலத்தில், தச்சர் பக்கத்திலேயே நின்று கால் இப்படி இருக்கட்டும், சட்டம் அப்படி இருக்கட்டும் என்று நச்சரித்து அவள் செய்துகொண்டது. அந்த மேஜையின் மேல் நாலு வருஷமாக நாலு ஜன்னல் கண்ணாடி படுத்திருந்தது. வீட்டு ஜன்னலாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இது ஏரோப்ளேன் ஜன்னல்.

கொண்டுவந்து வைத்தவர் அவள் புருஷன். அவருக்குத் தெருவில் கேப்டன் என்று பெயர். கப்பலிலும் இருந்ததில்லை, படையிலும் இருந்ததில்லை. முப்பத்தைந்து வருஷம் கடைகடையாகப் போய், தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிற அரசாங்க உத்தியோகம். ஆனால் இருபத்துநாலு வயதில் ஒரு கிளப்பில் சேர்ந்து, விமானம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கியவர். அதற்குச் சாட்சியாகக் கூடத்தில் ஒரு போட்டோ தொங்கும். அதில் ஒரு சின்ன விமானத்தின் பக்கத்தில், திறந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தலை நிறைய முடியோடு நிற்பார். யார் வந்தாலும் அந்தப் போட்டோவுக்கு எதிரில்தான் நாற்காலி போடுவார். மேலே போய்விட்டால் மனுஷனுடைய கவலையெல்லாம் எறும்பு மாதிரி தெரியும் என்று ஆரம்பிப்பார். கடைசியாக அவர் மேலே போனது எப்போது என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர் இடைவெளி விட்டால்தானே.

அவர் ஓய்வு பெற்ற மறுவருஷம், விமான நிலையத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அறுபது வருஷப் பழசான இரண்டு சீட்டு விமானம் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரியவந்தது. டெய்லரம்மாவின் அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவரும், அவருடைய பல்லைப் பிடுங்கிய பழக்கத்தில் சிநேகிதரான பல் டாக்டரும், கேப்டனும் சேர்ந்து அதை வாங்கினார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். உடம்பும் இறக்கையும் அண்ணன் பொறுப்பு. எஞ்சின் டாக்டர் பொறுப்பு. வாய் கிழியப் பேசியவர் கேப்டன் என்பதால் அவர் பங்குக்கு ஆகச் சின்ன வேலை வந்தது. விமானி உட்காரும் இடத்தின் இரண்டு பக்கமும் உள்ள நகரும் ஜன்னல்களைப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாம் முடிந்ததும் முதல் பறப்பு கேப்டனுக்கு என்று ஏகமனதாக முடிவானது. லைசென்ஸ் வாங்கியவர் அவர் ஒருத்தர்தானே. அது காலாவதியாகி எத்தனையோ வருஷம் என்பதால், பயிற்சி கொடுக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கேப்டனும் சரி என்று தலையாட்டினார்.

ஜன்னல் பெரிய சமாச்சாரமில்லை. பக்கத்துக்கு இரண்டு கண்ணாடி. முன்னது அசையாது. பின்னது அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகரும். கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான், உண்மையில் அக்ரிலிக் தகடு. பழையது மஞ்சளடித்து, கீறல் விழுந்து, அதன் வழியாகப் பார்த்தால் வெளியே எப்போதும் சாயங்காலமாகத் தெரிந்தது. அதை அச்சாக வைத்துப் புதுத் தகட்டை வெட்டி, ஓரம் தேய்த்து, துளை போட்டு, சட்டத்தில் பொருத்தினால் முடிந்தது. நிதானமான ஆளுக்குப் பத்து நாள் வேலை.

ஒரு வருஷத்தில் எஞ்சின் உறுமிவிட்டது. இரண்டாம் வருஷம் இறக்கை தயார். அந்தக் கால விமானத்துக்கு இறக்கையென்றால் மரச்சட்டமும் அதன் மேல் இழுத்துப் போர்த்திய துணியும்தான். அந்தத் துணியைத் தைத்தது யார் என்று கேட்கிறீர்களா? டெய்லரம்மாதான். அண்ணன் பட்டறையில் ஒன்பது நாள் உட்கார்ந்து, இரண்டு இறக்கைக்கும் வாலுக்கும் உறை தைத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதைப் பங்கு என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பது நாளும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கேப்டனின் ஜன்னல் மட்டும் நகரவில்லை. முதல் தகட்டுக்கு மரத்தில் ஓட்டை போடும் டிரில்லை வைத்து விர்ரென்று அழுத்தினார். மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் ஓடிவிட்டது. கடைக்காரன் தரமில்லாத சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றார். இரண்டாம் தடவை, தகட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தின் பிசினைப் போக்க பெட்ரோல் போட்டுத் துடைத்தார். மறுநாள் காலையில் தகடு முழுக்க வறண்ட குளம் போல முடிமுடியாக வெடிப்பு. இதற்குப் பெட்ரோல் கலப்படம் காரணம் என்று கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் தகடு வரவழைக்க நாலு மாதம், அதைப் பற்றிப் பேச ஆறு மாதம். நடுவில் அத்தனையும் மேஜை மேல். தட்டையான இடத்தில் இல்லாவிட்டால் தகடு வளைந்துவிடும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். வீட்டில் வேறு தட்டையான இடம் இல்லையாம்.

டெய்லரம்மா தரைக்கு இறங்கினாள். துணியைத் தரையில் விரித்து, முட்டி போட்டு, தவழ்ந்து தவழ்ந்து வெட்டினாள். ஐம்பத்தைந்து வயதில் தவழ்வது கைக்குழந்தை தவழ்வது போல அழகாக இராது. இரண்டாம் வருஷம் முட்டி வீங்கியது. கேப்டன் உருகிப்போனார். மேஜையைக் காலி செய்தார் என்று நினைக்க வேண்டாம். கடைக்குப் போய், மெத்தென்று பஞ்சு வைத்த முட்டி உறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தார். கடையிலேயே தன் காலில் போட்டுப் பார்த்து வாங்கினாராம். அவளுக்கு அது நாலு எட்டு நடப்பதற்குள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மில்லிமீட்டரை ஐம்பது கூறு போட்டு அளக்கும் வெர்னியர் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிற மனுஷன், பெண்டாட்டியின் முட்டியை ஒரு நூலைச் சுற்றிக்கூட அளந்ததில்லை. அவள் அதை மெஷின் டிராயரில் போட்டு மூடினாள்.

மூன்றாம் தடவை அவர் தவறே செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. பழைய அனுபவத்தால் டிரில்லை மெதுவாக ஓட்டினார், பெட்ரோலைத் தொடவில்லை. வெர்னியரை வைத்து அளந்து அளந்து, சட்டத்தின் பள்ளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மூச்சுக்காற்று கூட நுழையாதபடி தேய்த்தார். ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் கொண்டுபோய்ப் பொருத்தினார். வெண்ணெயாக வழுக்கியது. மச்சானையும் டாக்டரையும் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லி, முன்னால் நிற்கவைத்து, இரண்டு விரலால் தள்ளிக் காட்டினார். அசையவில்லை. இரண்டு கையால் தள்ளினார். டாக்டர் பல் பிடுங்குகிற பக்குவத்தோடு ஆட்டி ஆட்டி இழுத்துப் பார்த்தார். அப்படியே ஆணியடித்த மாதிரி நின்றது. சட்டம் கோணல் என்று கேப்டன் தீர்ப்புச் சொல்லி, நாலு சட்டத்தையும் கழற்றிப் புதிதாகச் செய்யக் கொடுத்தார். எட்டு மாதம் ஓடியது. புதுச் சட்டத்திலும் காலையில் வழுக்கியது, மத்தியானம் மாட்டிக்கொண்டது. கண்ணாடிகள் மறுபடி மேஜைக்கு வந்து படுத்தன.

ரகசியம் டெய்லரம்மாவுக்குத்தான் தெரிந்தது. தகடுகள் நகராமல் இருக்க கேப்டன் அளவெடுத்து ஒரு மரத்தட்டு செய்திருந்தார், அதுவும் மயிரிழை பிசகாமல். காலையில் மேஜையைத் துடைக்கும்போது தகட்டை அதிலிருந்து லேசாக எடுத்துவிடுவாள். மத்தியானம் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மேஜை மேல் விழுந்த பிறகு எடுத்தால், தகடு தட்டோடு சேர்ந்து எழுந்து வந்தது. மூன்று நாள் பார்த்தாள். வெயிலில் தகடு ஒரு மில்லி அளவு பெருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உடம்பளவு எவ்வளவோ அவ்வளவுக்கே சட்டை வெட்டினால் கையைத் தூக்க முடியாது, மூச்சை இழுக்க முடியாது. தையல் பழக வந்த முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம்.

அன்று சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னாள்.

"கொஞ்சம் லூஸ் விட்டு வெட்டணுங்க. வெயில்ல அது பெருக்குது."

கேப்டன் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷம் அளவு பாத்தவன் நான். லூஸுங்கறது வேலை தெரியாதவன் கண்டுபிடிச்ச வார்த்தை."

சட்டத்தைத்தான் இன்னொரு தடவை மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே மோரை ஊற்றிக்கொண்டார். சட்டத்தைக் குறை சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அது ஏன் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

நாலாம் வருஷக் கடைசியில் இரண்டு காரியம் ஒரே வாரத்தில் நடந்தது. ஒரு ஹாஸ்டலிலிருந்து அறுபது ஜன்னலுக்குத் திரைச்சீலை கேட்டு ஆர்டர் கொடுத்தார்கள், இருபது நாள் கெடு. முட்டி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இனி தரையில் உட்கார்ந்தால் நேரே ஆபரேஷன்தான் என்று கையை விரித்தார். டெய்லரம்மா வீட்டுக்கு வந்து, கண்ணாடிகளைக் கட்டிலுக்கு மாற்றுங்கள் என்று கேட்டாள். கட்டில் சமதளமில்லை, இன்னும் ஒரே ஒரு மாதம் பொறு என்றார் கேப்டன். நாலு வருஷத்தில் அவள் காதில் விழுந்த நாற்பதாவது ஒரே ஒரு மாதம் அது. அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தகடுகளின் மேல் கிறுக்க வேண்டும் போல ஒரு வெறி வந்தது.

அந்த வாரக் கடைசியில் கேப்டனின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நாலு நாள் போனார். பஸ் ஏறிய தகவல் வந்ததும் டெய்லரம்மா அண்ணனைக் கூப்பிட்டு, ரம்பத்தையும் டிரில்லையும் எடுத்துக்கொண்டு வா என்றாள். மாப்ளைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று அண்ணன் இழுத்தார். என் முட்டி வருத்தப்படுவது உனக்குத் தெரியவில்லையா என்று அவள் கேட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

தகடுகளைச் சுற்றிலும் ஒன்றரை மில்லி குறைத்துத் தேய்த்தாள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கடைசி வரை உரிக்கவில்லை. திருகு போகும் துளைகளைத் திருகைவிடப் பெரிதாக்கினாள். அண்ணன் பதறினார். "பட்டனைவிட காஜா கொஞ்சம் பெருசா இருந்தாத்தானேண்ணே சட்டையைப் போட முடியும்" என்றாள். பள்ளத்தில் லூஸ் இருந்தால் பறக்கும்போது கடகடவென்று ஆடாதா என்பது அண்ணனின் அடுத்த சந்தேகம். அதற்கும் அவளிடம் சரக்கு இருந்தது. கோட்டுக் காலருக்கு அடியில் வைத்துத் தைக்கிற கெட்டிக் கம்பளித் துணியைப் பட்டையாக வெட்டி, பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒட்டினாள். தகடு பெருத்தால் கம்பளி அமுங்கிக்கொடுக்கும், சுருங்கினால் நிமிர்ந்து பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் மத்தியானம், கொட்டகைத் தகரம் காய்ந்து தகதகக்கிற நேரம் பார்த்துப் பொருத்தினார்கள். சுண்டுவிரலால் தள்ளினாள், போனது. விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் எஞ்சினியர் வந்து ஒவ்வொரு திருகாகப் பார்த்தார், ஜன்னலை இழுத்து மூடித் திறந்தார், போட வேண்டிய கையெழுத்தைப் போட்டார். நாலு வருஷ வேலை மூன்று நாளில் முடிந்தது.

கேப்டன் திரும்பி வந்தபோது மேஜை முழுக்க ஹாஸ்டல் துணி. டெய்லரம்மா நின்றுகொண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கண்ணாடி எங்க?"

"ஏரோப்ளேன்ல."

கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பதிலும் தயாராக வைத்திருந்தாள். கேப்டன் கோபப்படவில்லை. முகம் வெளுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பறப்பு என்று அண்ணன் நாள் குறித்துவிட்ட செய்தியையும் அவள் சேர்த்தே சொன்னாள். அந்த வாரம் போட்டோவுக்கு எதிரில் யாருக்கும் நாற்காலி போடப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் பெண், இறக்கையைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் பார்த்து, தயார் என்றாள். கேப்டன் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார், திறந்தார். பதினோரு தடவை. பிறகு பையிலிருந்து வெர்னியரை எடுத்து ஓரத்தில் வைத்துப் பார்த்து, இங்கே அரை மில்லி இடைவெளி இருக்கிறதே என்றார். அது வேண்டுமென்றே விட்டது என்றாள் டெய்லரம்மா. வெர்னியர் பைக்குள் போயிற்று. பிறகு, கிட்டே வா என்று தலையசைத்தார். அவள் ஜன்னலருகே போனாள்.

"எனக்கு பயமா இருக்கு" என்றார்.

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. லைசென்ஸ் வாங்கின மறுமாதம் தனியாக மேலே போனாராம். எஞ்சினில் கோளாறில்லை, வானத்தில் மேகமில்லை. நடுவானில் திடீரென்று கை இரண்டும் மரமாகிவிட்டது. எப்படியோ இறக்கினார், மூன்று தடவை எகிறி எகிறி. இறங்கின பிறகும் ஜன்னலை மூடிக்கொண்டு அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஆள் வந்து கதவைத் திறந்து கையைப் பிடித்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஏறவே இல்லை. "அந்தப் போட்டோ அதுக்கு முன்னாடி எடுத்தது" என்றார்.

டெய்லரம்மாவுக்கு அந்த மனுஷன் மேல் பாவமாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவர், தலைமுடியெல்லாம் போய், ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பாவத்தோடு கூடவே கோபமும் குபுகுபுவென்று வந்தது. கோணலாயிருந்தது சட்டமில்லை என்று இப்போது புரிந்துவிட்டது.

"இதை நாலு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா, என் முட்டியாவது தப்பிச்சிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்களிடம் நீயே ஏதாவது சொல்லிவிடேன் என்று மெல்லக் கேட்டார்.

"ஜன்னல்தான் நான் செஞ்சேன். சாக்கும் நானே செஞ்சு தரணுமா? இறங்கி நீங்களே சொல்லுங்க."

இறங்கினார். மச்சானுக்கும் டாக்டருக்கும் முன்னால் போய் நின்று, தன்னால் முடியாது, பயம், என்று சொன்னார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அண்ணன் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"நீங்க ஜன்னலை இழுத்தடிக்கறதைப் பாத்து எங்களுக்கு அது ரெண்டாவது வருஷமே தெரிஞ்சுபோச்சு மாப்ளை. உங்களைச் சங்கடப்படுத்த வேணாமேன்னு பேசாம இருந்துட்டோம்."

டாக்டரும் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த இடத்தில் மூன்று பேரும் ஒருவர் பெருந்தன்மையை ஒருவர் மெச்சிக்கொண்டு கண் கலங்க நின்றார்கள். டெய்லரம்மா அண்ணனைப் பார்த்தாள். தெரிந்திருக்கிறது. தெரிந்தே இரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். கேப்டனுடைய மானத்தை மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள், அவளுடைய மேஜையின் மேல் வைத்து.

அவள் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி வலது பக்கம் போனாள். இடது சீட்டில் தான் உட்கார்வதாகவும் வலது சீட்டு காலியென்றும் பயிற்சி கொடுக்கும் பெண் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எஞ்சின் என்னுடையதல்லவா என்று டாக்டர் ஓரடி முன்னால் வைத்தார்.

"இறக்கைக்குத் துணி தச்சது நான். ஜன்னல் வெட்டினது நான். நீங்க அடுத்த தடவை போங்க டாக்டர்" என்று சொல்லி, வலிக்கிற முட்டியைக் கையால் தூக்கி உள்ளே வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

இருபது நிமிஷம் பறந்தார்கள். அந்தப் பெண் தலையசைத்ததும் தன் பக்கத்து ஜன்னலை நாலு விரல் திறந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. ஜன்னல் கடகடக்கவில்லை. கம்பளி பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அடியில் தெருக்கள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள், ஆஸ்பத்திரிக் கட்டடம் எல்லாம் தெரிந்தன. கவலை எறும்பு மாதிரியெல்லாம் தெரியவில்லை. முட்டி அங்கேயும் அதே அளவுக்குத்தான் வலித்தது.

அடுத்த வாரம் கேப்டன் விமானத்தின் சீட்டு இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இதைப் புதுப்பிக்கிற வேலையைத் தானே ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். இது மேலே போகிற வேலையில்லை, உட்காருகிற வேலை. சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு தையல் அறை வாசலில் நின்றார். மேஜையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை துணி விரித்திருந்தது. டெய்லரம்மா கத்தரிக்கோலை நிறுத்தவுமில்லை, தலையை நிமிர்த்தவுமில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சீட்டுகளைத் தரையில் வைத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து ஆணி பிடுங்கத் தொடங்கினார். அரைமணி நேரத்தில் முனக ஆரம்பித்தார். தரை இவ்வளவு கடினமாக இருக்கிறதே என்றார்.

அவள் டிராயரைத் திறந்து முட்டி உறைகளை எடுத்து அவர் பக்கம் போட்டாள். அவர் எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தின. நூலிழைகூட லூஸ் இல்லை.